பொய்க்கால் குதிரையும் பிரேக் ஒயர் டைனோசரும்

கொடை நோட்டீஸில் முன்பெல்லாம் பொய்க்கால் குதிரைக்கென்று ஒரு வரி இருக்கும். கரகம், நையாண்டி மேளம், குதிரை, மாடு, மயில் என்று செட்டு முழுவதையும் ஊர் பேர், ஆள் பேர் போட்டு அச்சடித்திருப்பார்கள். எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் இப்போது சில விழாக்களில் அந்த வரியின் இடத்தில் ‘செண்டை மேளத்துடன் டைனோசர்’ வருகிறது. கல்யாண மண்டப வாசலிலும் அது வந்து நின்று மாப்பிள்ளையை வரவேற்கிறது. உறுமுகிறது, கண்ணைச் சிமிட்டுகிறது, செல்போனைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பக்கம் வாயைத் திறக்கிறது. அதற்குள்ளே இருப்பவர் பேர் மட்டும் எங்கும் இல்லை.

குதிரைக் கூட்டை மூங்கில் சிம்பிலும் பிரம்பிலும் கட்டுவார்கள். மேலே காகிதம் ஒட்டி, துணி போர்த்தி, ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் பதித்திருக்கும். நடுவில் ஆள் நுழைய ஓட்டை. கூட்டின் வாரைத் தோளில் மாட்டி, காலில் ஒரு அடி உயரக் கட்டையைக் கட்டிக்கொண்டு ராஜாவும் ராணியுமாக இரண்டு பேர் ஆடுவார்கள். கூட்டைச் சுற்றித் தொங்கும் துணி காலை மறைத்துவிடும். கட்டைக்காலில் ஏறியவர் சும்மா நிற்க முடியாது, நின்றால் சாய்ந்துவிடுவார். அதனால் மேளம் ஓய்ந்த நேரத்திலும் கட்டை தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் அதைக் குதிரையின் துடிப்பு என்று நினைப்பார்கள். ஆடுகிறவருக்கோ அது விழாமல் இருப்பதற்கான பாடு.

கட்டைக்கால் ஆட்டம் பழையது. சிலப்பதிகாரம் சொல்லும் பதினோராடலில் கொற்றவை ஆடிய மரக்காலும் ஒன்று. அதில் குதிரைக் கூட்டை மாட்டியது தஞ்சை மராட்டியர் காலத்து வழக்கம் என்பார்கள். தெற்கே அது கரகாட்ட செட்டோடு சேர்ந்து வந்தது. எங்கள் பக்கத்துச் செட்டுகளில் பல நேரம் கட்டைக்கால் இருக்காது, கூடு மட்டும் இருக்கும். ஆடுகிறவர் சலங்கையைக் கட்டிக்கொண்டு தரையிலேயே ஆடுவார். பேர் மட்டும் பொய்க்கால் குதிரைதான்.

மற்ற மிருகங்களின் வேலைப்பாடு இன்னும் எளிது. மாட்டுக்குள் இரண்டு பேர். முன்னால் நிற்பவர் கொம்பைப் பார்த்துக்கொள்வார், பின்னால் குனிந்தவர் முதுகு வலியைப் பார்த்துக்கொள்வார். கரடிக்குச் சணல் நாரைக் கறுப்புச் சாயத்தில் முக்கிக் கட்டுவார்கள். புலிக்கு உடையே கிடையாது. மஞ்சள் பெயிண்டை உடம்பெல்லாம் பூசி, கறுப்பு வரி போட்டு, காயும்வரை கையை அகட்டி நிற்கவேண்டும். ஆட்டம் முடிந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். அந்த எரிச்சலைப் பற்றிப் புலி ஆடியவர்கள் பேசினால் கேட்கிறவருக்கே தோல் கூசும்.

குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவது வேறு கணக்கு. அங்கே முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளியாகவோ கரடியாகவோ குரங்காகவோ ஊர் ஊராய்ப் போய்க் காணிக்கை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். அது நேர்த்திக்கடன். நான் பேசுவது கூலிக்குக் கட்டும் வேஷத்தைப் பற்றி.

சரி, டைனோசர் எப்படி நடக்கிறது? முதுகில் ஒரு சட்டத்தைப் பை மாட்டுகிற மாதிரி மாட்டி, இடுப்பிலும் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவார்கள். சட்டம் முன்பு இரும்பு, இப்போது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதற்கு மேல் கெட்டி ஸ்பாஞ்ச், ஸ்பாஞ்சுக்கு மேல் சிலிக்கான் ரப்பர் பூசிய துணித் தோல். மூக்கிலிருந்து வால் நுனிவரை சுமார் 4 மீட்டர். எடை குறைந்த வகையே 20 கிலோவைத் தொட்டு நிற்கும், பழைய வகை இரண்டு மடங்கு. தலையை முன்னால் நீட்டிய கம்பு தாங்குகிறது, பின்னால் வால் அதற்கு ஈடு கொடுக்கிறது. வால் எடை குறைந்தால் தலை முன்னால் இழுக்கும். உள்ளே இருப்பவரின் முதுகு ஒரே இரவில் போய்விடும். இரண்டு காலில் நடந்த நிஜ டைனோசரும் இதே ஏற்பாட்டில்தான் நடந்தது. இடுப்பு நடுவில் இருக்க, இரண்டு பக்கமும் எடை சமமாகத் தொங்கும்.

வலது கையில் ஒரு பிடி, அதை அழுத்தினால் வாய் திறக்கும். இடது கையில் இன்னொரு பிடி, அதற்குக் கண் சிமிட்டும். அந்தப் பிடியை உற்றுப் பார்த்தால் நமக்குத் தெரிந்த பொருள்தான், சைக்கிள் பிரேக்! பிடியிலிருந்து பிரேக் ஒயர் கழுத்து வழியாகத் தாடைக்குப் போகிறது. ஒயர் அறுந்தால் கம்பெனியைக் கூப்பிட வேண்டியதில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையே போதும். வெளியே பார்க்கச் சின்னக் கேமராவும் திரையும் வைத்த வகை உண்டு. மலிவான வகையில் கழுத்துத் தோலில் ஒரு வலைத் துணி, அவ்வளவுதான்.

குதிரை ஆடியவரின் முகம் ஊருக்கே தெரியும், மறைந்திருந்தது கால். டைனோசரில் முகம் மறைந்துவிட்டது, கால் தெரிகிறது. கறுப்புப் பேண்ட்டோ தோல் வரைந்த காலுறையோ போட்டு அதை மறக்கடிக்கப் பார்க்கிறார்கள். மனுஷ முழங்கால் முன்பக்கம் மடங்கும். டைனோசர் காலில் நம் கண்ணுக்குப் பின்பக்கம் மடிவதாகத் தெரிவது அதன் கணுக்கால், கோழிக்கு இருப்பது போலத்தான். உடையால் இதைத் தீர்க்க முடியாது, நடையால்தான் தீர்க்கவேண்டும். முழங்காலை எப்போதும் கொஞ்சம் மடித்து, முன்பாதத்தை முதலில் ஊன்றி, தலையை மெதுவாகத் திருப்ப வேண்டும். குதிரை ஓயாமல் அசைந்தால் உயிர் வரும். டைனோசர் திடீரென்று அசையாமல் நின்று ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தால்தான் உயிர் வரும். இது தெரிந்த பையன்கள் சிலர் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் சினிமாப் பாட்டுக்குக் குதித்துவிட்டுப் போகிறார்கள்.

மனிதன் உள்ளே புகுந்து டைனோசராவது 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படத்திலேயே நடந்தது. பிள்ளைகளை ராப்டர் துரத்தும் சமையலறைக் காட்சியின் சில ஷாட்டுகளில் ஜான் ரோசன்கிராண்ட் என்ற கலைஞர் உடைக்குள் குனிந்து நின்று நடித்தார். 2007இல் ஆஸ்திரேலியாவில் மேடையேறிய ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ இதைப் பெரிய அரங்கத் தொழிலாக்கியது. பெரிய மிருகங்களுக்கு அடியில் ஓட்டுநர், தூரத்திலிருந்து இயக்க இரண்டு பேர்; சின்ன மிருகங்களுக்கு உள்ளே ஒரே ஆள். கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவது அந்தச் சின்ன வகையின் மலிவுப் பேரன்.

அந்த மலிவு வகை பெரும்பாலும் பிறப்பது சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் சிகோங் என்ற ஊரில். விளக்குத் திருவிழாவுக்குப் பேர்போன ஊர் அது. கம்பி வளைத்துக் கூடு கட்டிப் பட்டுத்துணி ஒட்டுவது அங்குள்ள கைகளுக்குப் பழக்கம். பக்கத்திலேயே டைனோசர் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. 1987இல் அந்த இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். எலும்பும் கூடு கட்டும் கையும் சேர்ந்ததில் தொழில் உண்டாயிற்று.

அதே 1987இல் நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் புருகத்காயோசாரஸ் என்று பேர் வைத்தார்கள். முதலில் இறைச்சி தின்னி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவரத் தின்னி என்று வகைப்படுத்தினார்கள். உலகிலேயே பெரியவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேச்சு உண்டு. ஆனால் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. படங்களும் விவரிப்பும்தான் மிச்சம். மூங்கிலும் காகிதமும் வைத்துக் கூடு கட்டத் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நிஜம் போல என்று சொல்லித்தான் வாடகைக்கு விடுகிறார்கள். எதைப்போல நிஜம் என்றால் சினிமாவைப் போல. நிஜ வெலோசிராப்டர் வான்கோழி அளவுதான், இறகும் இருந்தது. 1996இல் சீனாவில் இறகு போர்த்திய டைனோசர் புதைபடிவம் வெளிவந்த பிறகும் வாடகை டைனோசருக்கு இறகு முளைக்கவில்லை. இறகு வைத்தால் கோழி என்று சிரிப்பார்கள் என்பது வியாபாரிகள் பயம். அது நியாயமான பயம்தான்.

சீனத்து உடை நம் ஊருக்கு வந்தால் வேறு சோதனை. கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தன் காலைப் பார்க்க முடியாதவர் அதில் நடப்பது வேடிக்கை இல்லை. மழை பெய்துவிட்டால் காலில் அப்பும் மண் ஒவ்வொரு அடிக்கும் கனம் கூட்டும். முகூர்த்தம் பகலில்தான். ஸ்பாஞ்சும் ரப்பரும் காற்றை உள்ளே விடாது. வைத்த சின்ன ஃபேன் சூட்டைத்தான் சுற்றும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை வெளியே எடுக்கவேண்டும். பந்தியில் கூட்டம் இருக்கும்போது அதை நினைப்பவர் யார்?

டைனோசர் வந்து குதிரையைக் கெடுத்தது என்று புலம்ப நான் தயாரில்லை. குதிரையும் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். 13ஆம் நூற்றாண்டில் காயல் துறையில் அரேபியக் குதிரைகள் இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கரிசல் சம்சாரிக்குத் தெரிந்தது உழவு மாடு. குதிரை பாளையக்காரரும் ஜமீனும் ஏறுவது. அதைக் கூலிக்காரர் ஒருவர் இடுப்பில் கட்டிக்கொண்டு ராஜாவாக ஆடியதால்தான் ஊர் கைதட்டியது. பிள்ளைகள் இன்று டைனோசருக்குக் கத்துவதும் அதே ஆசையில்தான்.

எனக்கு வருத்தம் வேறு. குதிரைக் கூடு ஆடுகிறவரின் சொத்து. தேய்ந்தால் அவரே ஒட்டுவார், கூலி அவர் கைக்கு வரும், நாட்டுப்புறக் கலைஞர் என்று நலவாரியத்தில் பதியவும் வழி உண்டு. டைனோசர் முதலாளியின் சொத்து. உள்ளே புகும் பையன் தினக்கூலி. நாளைக்கு அவன் வராவிட்டால் அதே தோலுக்குள் இன்னொருவன்.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைனோசரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். வழி காட்ட ஒரு ஆளையும் மாற்றிக்கொள்ள ஒரு ஆளையும் சேர்த்துப் பேசுங்கள், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். நோட்டீஸில் உள்ளே நடப்பவர் பேரையும் அவர் ஊரையும் அச்சடியுங்கள்.