உயர்த்துவதா, நிரப்புவதா?

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கண்ணகை அம்மன் சடங்கின் உடுக்கொலி கேட்கத் தொடங்கிவிடும். தன் இடப்பக்க மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரியூட்டிய மங்கையின் வழக்குரையை ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் ஒன்றாகக் கூடியிருந்து கேட்பர். பெண்ணின் மார்பைத் தாய்மைக்கும் மறத்துக்கும் அடையாளமாகக் கொண்டு, நாணமின்றிப் பாடிய மொழி நம்முடையது. ஆயின், அதே உறுப்பில் ஒரு நோவோ தளர்வோ ஏற்பட்டால், அதனைத் தாயிடம் மகளும், கணவனிடம் மனைவியும் சொல்லக் கூசுகின்றனர். வீடு வாய்மூடியிருக்கும்போது விளம்பரம் வாய்திறக்கின்றது. கையடக்கத் தொலைபேசியின் திரையில் தோன்றும் படங்களே இன்று பல பெண்களுக்கு ஆலோசகராகிவிட்டன.

கல்லூரி ஆசிரியராகிய எம்மை நோக்கி, “குடும்பத்தினர் யாவரும் படிக்கும் பக்கத்தில் இதனை எழுதலாமோ?” எனச் சிலர் வினவக்கூடும். குடும்பத்தினர் யாவரும் அறிய வேண்டியது என்பதனாலேயே எழுதுகின்றோம். தளர்ந்த மார்பகத்தைச் சத்திரசிகிச்சையால் உயர்த்திக்கொள்ள எண்ணும் பெண், அதனை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்வதா, அன்றிச் செயற்கைப் பையையும் உள்ளே வைத்துக்கொள்வதா என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் உடலின் இயல்பை அறிவோம். மார்பகத்தினுள் தசை இல்லை. பால் சுரப்பிகளும் கொழுப்புமே உள்ளன. அவற்றைத் தாங்குவன தோலும், உள்ளே வலைபோல் ஓடும் மெல்லிய நார்களுமாம். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயச் சத்திரவைத்தியர் அஸ்ற்லி கூப்பரின் பெயராலேயே அந்நார்கள் இன்றும் வழங்கப்படுகின்றன. வயது ஏற ஏற, கருவுறுந்தோறும், உடல் பருத்து மெலியுந்தோறும் இத்தோலும் நார்களும் இளகுகின்றன. இது நோயன்று, வாழ்ந்ததன் அடையாளமே. மார்புத் தசைகளுக்குப் பயிற்சி செய்வதால் உடல் உரம் பெறும். ஆயினும் இளகிய தோல் மீண்டும் சுருங்கிவிடாது.

பால் கொடுத்தலே தளர்ச்சிக்குக் காரணம் என்னும் வதந்தியையும் இவ்விடத்தில் களைய வேண்டும். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று தாய்மார் பலரை ஒப்பிட்டுப் பார்த்து, வயதும், கருவுற்ற தடவைகளின் எண்ணிக்கையும், உடற்பருமனும், புகைபிடித்தலுமே காரணங்கள் எனவும், பாலூட்டல் தனிக் காரணமன்று எனவும் கண்டது. இலங்கையில் 2016-இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பாலை மட்டுமே பருகினர். அழகு கெடும் என்னும் வீண் அச்சத்தால் இப்பெருமையை நம் பெண்கள் இழந்துவிடலாகாது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். பழைய தலையணை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பஞ்சு போதிய அளவு இருக்க, உறை மட்டும் தொய்ந்திருந்தால், உறையைப் பிடித்துத் தைப்பதே போதும். பஞ்சு குறைந்துபோயிருந்தால், உறையைத் தைத்தாலும் தலையணை உப்பாது. மார்பகத்தை உயர்த்தும் சிகிச்சை உறையைத் தைப்பது போன்றது. மிகையான தோலை அகற்றி, உள்ளிருப்பதை மேலேற்றி, காம்பை உரிய இடத்தில் அமைப்பர். செயற்கைப் பை வைத்தல் பஞ்சு நிரப்புவது போன்றது. ஒன்று இடத்தை மாற்றுவது; மற்றொன்று அளவை மாற்றுவது. இவ்வேறுபாட்டை அறியாமல் சிகிச்சைக்குச் செல்பவர், தாம் விரும்பியது ஒன்று, பெற்றது மற்றொன்று என வருந்த நேரிடும்.

தனக்கு எது தேவை என்பதைப் பெண் ஓரளவு தானே உணரலாம். மார்பகத்தின் அடியில், அது நெஞ்சுடன் சேருமிடத்தில் ஒரு மடிப்பு உண்டு. காம்பு அம்மடிப்புக்குக் கீழே இறங்கியிருப்பின், பை மட்டும் வைப்பதால் பயனில்லை, உயர்த்தலே வேண்டும். கையால் மார்பகத்தை ஏந்திப் பிடித்துக் கண்ணாடியில் நோக்கும்போது, ‘இந்த அளவு போதும்’ என மனம் நிறையுமானால், உயர்த்துதல் ஒன்றே போதுமானது. ஏந்திய பின்னும் மேற்பகுதி வெறுமையாகத் தோன்றி, அந்நிறைவையும் விரும்புவாராயின், அப்போதுதான் பையைப் பற்றிய பேச்சு எழுகின்றது. உறுதியான தீர்ப்பை அளிப்பவர் வைத்தியரே.

உயர்த்துதல் மட்டுமே செய்வதாயினும் அது விளையாட்டன்று. காம்பைச் சுற்றியும், அங்கிருந்து கீழ்நோக்கியும், சிலருக்கு அடிமடிப்பின் நெடுகிலும் தழும்பு விழும். அது மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கருநிறத் தோலில் தழும்பு தடித்து வளரும் இயல்பு மிகுதி. ஆதலின், காது குத்திய இடமோ பழைய காயமோ அவ்வாறு தடித்தவர்கள் அதனை முன்னரே வைத்தியரிடம் கூற வேண்டும். காம்பின் உணர்ச்சி குறையவும், பின்னாளில் பாலூட்டல் தடைப்படவும் கூடும். எனவே பிள்ளைப்பேறு முடியும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. பாலூட்டல் நின்ற பின்னரும் சில மாதங்கள் சென்றாலன்றி மார்பகம் தன் நிலையான வடிவை அடையாது. இவ்வளவும் செய்த பின்னரும் காலம் தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஓரளவு தளர்வு மீண்டும் வரவே செய்யும்.

செயற்கைப் பையின் வரலாறோ எச்சரிக்கைகள் நிறைந்தது. 1962-இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்னும் வைத்தியர் இருவர் முதன்முதலில் சிலிக்கோன் பைகளை ஒரு பெண்ணின் மார்பில் வைத்தனர். ஆறு பிள்ளைகளின் தாயாகிய அப்பெண் வைத்தியசாலைக்கு வந்தது, மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றுவதற்கே. பை வைக்கும் எண்ணத்தை அவருக்கு ஊட்டியவர்கள் வைத்தியர்களாவர். அன்று தொடங்கி, ஒரு பெண் கேளாத ஒன்றைப் பிறர் அவளுக்குப் பரிந்துரைக்கும் வழக்கம் ஓயவில்லை.

1992-இல் அமெரிக்க அரசு, பாதுகாப்புக்குச் சான்று போதாதென்று, அழகுக்காகச் சிலிக்கோன் பை வைப்பதை நிறுத்தியது. 2006-இலேதான் மீண்டும் இசைவளித்தது. 2010-இல், பிரான்சின் ‘பிப்’ நிறுவனம் மருத்துவத்துக்கு உரியதல்லாத, தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்றமை அம்பலமாயிற்று. அதன் நிறுவுநர் 2013-இல் சிறைத்தண்டனை பெற்றார். சொரசொரப்பான மேற்பரப்புடைய சிலவகைப் பைகளைச் சுற்றி, நிணநீர்த் தொகுதியைச் சேர்ந்த அரிய புற்றுநோய் ஒன்று தோன்றுவது தெரியவந்தமையால், 2019-இல் ‘அலர்கான்’ நிறுவனம் தன் பைகளில் ஒருவகையை உலகெங்கிலுமிருந்து மீளப்பெற்றது. 2021-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பை வைக்குமுன் ஒவ்வொரு பெண்ணும் படித்துக் கையொப்பமிடும் வாய்ப்பைப் பெறவேண்டிய அறிவுறுத்தல் பட்டியலைக் கட்டாயமாக்கிற்று.

அப்பட்டியல் கூறும் உண்மைகளுள் தலையாயது, பை ஆயுளுக்கும் நிலைப்பதன்று என்பதாகும். உடல் அதனைச் சுற்றி உறை கட்டும். அவ்வுறை சிலருக்கு இறுகி நோவு தரும். பை ஓசையின்றி உடையவும் கூடும். அதனைக் கண்டறிய, வைத்து ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஸ்கான் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அந்நிர்வாகம் கூறுகின்றது. புற்றுநோயைத் தேடும் மமோகிராம் படத்திலும் பை ஒரு பகுதியை மறைப்பதால், கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டும். மேலும், உயர்த்துதல் தோலை இறுக்குகின்றது. பையோ அதே தோலை விரிக்கின்றது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டையும் ஒரே நாளில் செய்வது கடினமாதலின், சிலருக்கு வைத்தியர் இரு தவணைகளாகச் செய்வதுண்டு. பெரிய பை தன் பாரத்தாலேயே மார்பகத்தை மீண்டும் தாழ்த்தவும் செய்யும்.

நமது அண்டைத் தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கருதுதல் பொருந்தும். 2018 பெப்ரவரியில், சென்னை அரசினர் ஸ்ரான்லி மருத்துவமனையில், மார்பகத்தைப் பெரிதாக்கலும் சிறிதாக்கலும் உள்ளிட்ட சிகிச்சைகளை இலவசமாக அளிக்கும் பிரிவொன்று தொடங்கப்பட்டது. செல்வர்க்குக் கிட்டும் அழகுச் சிகிச்சை ஏழைக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும் என்பது அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரின் வாதம். கடன்பட்டுத் தகுதியற்றோரிடம் செல்வதினும் இது மேல் என்றனர் ஆதரித்தோர். மக்கள் வரிப்பணம் உயிர்காக்கும் சிகிச்சைக்கே முதலில் செல்ல வேண்டும் என்றனர் எதிர்த்தோர். இரு சாராரிடமும் நியாயம் உண்டு. மிகப் பெருத்த மார்பகத்தின் பாரத்தால் கழுத்தும் முதுகும் நோக வாழும் பெண்ணுக்கு, அதனைச் சிறிதாக்கி உயர்த்துவது ஆடம்பரமன்று, நிவாரணமே. ஆயின், சத்திரசிகிச்சை ஒரு நாள் இலவசமாகக் கிடைக்கலாம். பை வைத்தவளுக்கு வரும் ஆண்டுகளிலெல்லாம் தேவைப்படும் ஸ்கானையும் மறு சத்திரசிகிச்சையையும் யார் தருவது? இவ்வினாவே எமக்குத் தலையாயதாகப் படுகின்றது.

படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழும் பெண்ணுக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அங்குள்ள தனியார் வைத்தியசாலையில் பை வைத்துத் திரும்புபவர், ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூலிநாளை இழந்து, பயணச் செலவும் தேட வேண்டும். உயர்த்துதல் மட்டும் செய்தவருக்கோ தழும்பு ஆறிய பின் இத்தகைய கடமை ஒன்றுமில்லை. ஆதலின், ‘இன்று என்ன செலவு?’ என்று கேட்பதோடு அமையாது, ‘பத்தாண்டு சென்றபின் என்ன செலவு?’ என்றும் கேட்டறிதல் வேண்டும். வைத்தியர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா, இத்துறையில் தேர்ச்சி உடையவரா, பையின் உற்பத்தியாளர் பெயரும் இலக்கமும் எழுதிய அட்டை கையில் தரப்படுமா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும்.

புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர் நிலை வேறு. அவருக்குப் பையோ, தம் உடலின் பிற பாகத்துத் தசையோ கொண்டு மார்பகத்தை மீள அமைத்தல் இழந்ததைத் திரும்பப் பெறுதலாகும். அதனை அழகுச் சிகிச்சையோடு சேர்த்து எவரும் எள்ளலாகாது.

யாவர்க்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு. அழகைப் பற்றிய முடிவுக்கு முன்னர் நலத்தைப் பற்றிய சோதனை நிகழ வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் நடைபெறும் சுக வனிதையர் சிகிச்சை நிலையங்களில், 35 வயதடைந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. கட்டியோ, தோற் சுருக்கமோ, காம்பிலிருந்து இரத்தக் கசிவோ காணப்படின், வயது எதுவாயினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இச்சோதனையை ஒத்திவைத்துவிட்டு அழகுக்கு அலைவது, கூரை ஒழுக வாசலுக்குக் கோலம் இடுவதனை ஒக்கும்.

எமது முடிவு இது: ஒன்றும் செய்யாது, அளவறிந்து தைத்த நல்ல உள்ளாடையோடு நிறைவாக வாழ்வதும் ஒரு முடிவே, அதில் குறைவொன்றும் இல்லை. தளர்வே வருத்துமாயின் உயர்த்துதலோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலோர்க்குப் போதும். பை வேண்டுமென்போர், அதனோடு வரும் ஆயுட்காலக் கடமையை ஏற்க மனமும் பொருளும் உண்டா என எண்ணிப் பார்த்த பின்னரே இசைய வேண்டும். இம்முடிவை எடுக்க வேண்டியவள் அப்பெண்ணே. கணவனின் ஏளனமோ, தோழியின் ஒப்பீடோ, விளம்பரத்தின் ஆசைவார்த்தையோ அவளுக்காக முடிவு செய்யலாகாது. மாணவ மாணவியரும் ஒன்றை மனத்திற் கொள்ளட்டும்: பெண்ணின் உடலைக் கேலி செய்யும் ஒரு சொல், ஒருத்தியைச் சத்திரசிகிச்சை மேசைவரை தள்ளிவிடக்கூடும். அச்சொல்லை நாவிலேயே அடக்குதல் கற்றோர்க்கு அழகு.