மாதம் ஒரு கட்டம்: பழைய துணியில் ஒரு வருடப் போர்வை



நம் வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில் ஒரு துணி மூட்டை இருக்கும். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குத் தைத்ததில் மிஞ்சிய வெட்டுத்துணி, அத்தாவின் நைந்த கைலி, அம்மாவின் பழைய வாயில் சேலை என்று எல்லாம் அதில் கிடக்கும். உடுத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. இந்த இதழில் அந்த மூட்டையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

அதை ஒட்டுத்துணிப் போர்வையாகக் கையாலேயே தைக்கலாம் என்று சொன்னால், "அதற்கெல்லாம் நேரம் ஏது?" என்ற கேள்விதான் முதலில் வரும். நியாயமான கேள்வி. பிள்ளைகளை மதரஸாவுக்கும் பள்ளிக்கும் அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, உலை வைத்து இறக்கினால் பகல் போய்விடுகிறது. எங்களில் நான்கு பேர் போன வருடம் தைக்க உட்கார்ந்தபோது எங்களுக்கும் இதே கவலை இருந்தது. முழுப் போர்வையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மாதத்துக்கு ஒரே ஒரு கட்டம் என்று வைத்துக்கொண்டால் மலைப்புப் போய்விடுகிறது.

இது புதிய வழக்கம் அல்ல

மிஞ்சிய துணியைச் சேர்த்துத் தைப்பது உலகெங்கும் உள்ள பழக்கம். அமெரிக்காவில் 'கேன்சஸ் சிட்டி ஸ்டார்' என்ற நாளிதழ் 1928 முதல் 1961 வரை இத்தகைய கட்டங்களின் மாதிரிப் படங்களை வெளியிட்டு வந்தது. வாசகிகள் அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு தைத்தார்கள். மாதம் ஒரு கட்டம் என்று முறை வைத்துத் தைக்கும் குழுக்கள் இன்று பல நாடுகளில் உண்டு.

நமக்கு அருகிலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியால், முண்ட்கோடு பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு 'கவந்தி' என்ற போர்வையைத் தைக்கிறார்கள். ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டுகளின் விளிம்பை உள்ளே மடித்துக் கை ஊசியால் ஓட்டுத் தையல் போட்டே முழுப் போர்வையும் உருவாகிறது. கடைசியில் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு முக்கோணத் துணிகளை வைப்பார்கள். அதற்குப் 'பூலா' என்று பெயர். பூ என்று பொருள். அது இல்லாத கவந்தியை உடையில்லாதது போல என்று சொல்வார்கள். வறுமையில் நைந்த துணியைத் தைக்கும்போதும் மூலைக்கு ஒரு பூ வைக்க அவர்கள் மறப்பதில்லை.

எப்படித் தைப்பது?

கவந்தியில் முழுப் போர்வையையும் மடியில் போட்டுக்கொண்டு தைக்க வேண்டும். கட்டம் கட்டமாகத் தைத்தால் கையில் இருப்பது ஒரு சாண் துணிதான். குழந்தை அழுதால் அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஆகவே தொடக்கத்துக்கு ஒன்பது சதுரக் கட்டத்தைச் சொல்கிறோம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 4 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியின் உட்புறத்தில் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். பென்சில் கோடுதான் தையல் கோடு; வெட்டு கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை. இப்படி ஒன்பது துண்டுகள் வேண்டும். மூன்று மூன்றாக இணைத்தால் மூன்று வரிசை, அவற்றை இணைத்தால் 12 அங்குலக் கட்டம் ஒன்று. மெல்லிய கை ஊசி, பருத்தி நூல், முழங்கை நீளத்துக்கு மேல் போகாத இழை. அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் விழுந்தால் போதும்.

ஒரு கட்டத்தில் உள்ள இணைப்புகளைக் கூட்டினால் மொத்தம் 48 அங்குலம், அதாவது நான்கடித் தையல். ஏறக்குறைய 400 தடவை ஊசி ஏறி இறங்கும். வெட்டுவது, கோடு போடுவது, பிரித்துத் தைப்பது எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு கட்டத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது. நாளைக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மாதத்தில் அது முடிந்துவிடும்.

முஹர்ரமில் தொடங்கினால் துல்ஹஜ்ஜில் 12 கட்டங்கள் சேரும். கை பழகிய பிறகு ஒரு மாதம் முக்கோணம், ஒரு மாதம் நட்சத்திரம் என்று மாற்றிக்கொள்ளலாம். ரமலானில் ஊசியோடு போராட வேண்டாம். அந்த மாதத்துக்குப் பிடித்த துணி ஒன்றை முழுச் சதுரமாக வெட்டி வைத்துக்கொண்டால் அதுவே கட்டம்.

பன்னிரண்டையும் அகலத்தில் மூன்று, நீளத்தில் நான்கு என்று அடுக்கி, இடையிலும் ஓரத்திலும் மூன்று அங்குலப் பட்டை வைத்து இணையுங்கள். நான்கடி அகலமும் ஐந்தேகால் அடி நீளமும் வரும். நடுவே பழைய பெட்ஷீட் ஒன்று, அடியில் பருத்திச் சேலை. நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சு தேவையில்லை. மூன்றையும் சேர்த்து இரண்டு அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் போர்வை தயார்.

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை

சாயம் போகும் துணியைச் சோதிக்காமல் சேர்த்துவிட்டோம். முதல் அலசலிலேயே மெரூன் துப்பட்டாவின் சாயம் இறங்கி வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. எந்தத் துணியையும் முதலில் தனியே நனைத்துப் பாருங்கள்.

நைந்த துணியை வெளிச்சத்தில் பிடித்து, இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அது போர்வைக்கு ஆகாது. சேலையில் உடம்பில் உரசும் பகுதிதான் முதலில் நைகிறது. உள்ளே செருகும் தலைப்புப் பெரும்பாலும் உறுதியாக இருக்கும்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். மூடியுள்ள டப்பா ஒன்று அதற்கென்றே இருக்கட்டும்.

எங்களில் ஒருவரின் நன்னிமாவுக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க முடியாது. கை மட்டும் பழைய பழக்கத்தை மறக்கவில்லை. பள்ளிக்குப் போகும் முன் பேரன் ஐந்து ஊசிகளில் நூல் கோர்த்து ஒரு துணியில் குத்தி வைத்துவிட்டுப் போவான். லுஹர் வரை நன்னிமாவுக்கு அது போதும். தன்னால் வீட்டுக்கு எந்த உபயோகமும் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர், இப்போது அடுத்த துண்டு எங்கே என்று கேட்கிறார்.

மவுத்தானவர்களின் துணி

அம்மா மவுத்தான பிறகு அவர் சேலைகளைப் போர்வையாக்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் இறந்தவர் விட்டுச் சென்ற சேலையும் அவருடைய சொத்தில் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. கடனும் வஸிய்யத்தும் போக மீதி எல்லா வாரிசுகளுக்கும் உரியது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரிடமும் கேட்காமல் கத்தரி வைக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களில் ஒருவர் அப்படிக் கேட்டார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, "எல்லாத்தையும் எடுத்துக்குங்க லாத்தா, அந்த நீலப் பூப்போட்டதை மட்டும் வெட்டாதீங்க" என்றாராம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு அவர் எடுத்துக் கொடுத்த சேலை அது. லாத்தாவுக்கு அந்த விவரமே அதுவரை தெரியாது. அந்தச் சேலை இன்றும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. மற்ற மூன்று சேலைகள் போர்வையில் இருக்கின்றன.

விற்கலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கட்டங்களுக்கு 60 மணி நேரம், இணைத்து முடிக்க இன்னும் 40 என்று வையுங்கள். நூறு மணி நேர உழைப்பை ஆயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்தான் கூலி. மெஷினில் தைத்த போர்வை கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, கைத்தையலின் அருமை தெரிந்து விலை கொடுப்பவர் எளிதில் கிடைக்க மாட்டார். சித்தி பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்துதான் விற்கிறார்கள்.

ஆகவே இதை நம்பிக் குழுக்கடன் வாங்க வேண்டாம். வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கலாம், துணி நாங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வருகிறவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். வேலை தருகிறவர் நமக்குத்தான் கூலி தர வேண்டும். வருமானம் தேவைப்படும் சகோதரி மெஷின் தையல் கற்றுக்கொள்வது நல்லது. இந்தப் போர்வை வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் என்று இருக்கட்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, காய்ந்த போர்வை ஒன்றின் அருமை நமக்கெல்லாம் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் ஒரு வயதானவருக்கோ பிறந்த குழந்தைக்கோ ஒரு போர்வை கொடுக்க நாடினால், நாமே போர்த்திக்கொள்ளத் தயங்காத ஒன்றைக் கொடுப்போம். கிழிசலைக் கழிப்பது தர்மமாகாது.

சிறிதாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்குப் பிரியமானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இன்று அந்த மூட்டையை அவிழ்த்து ஒன்பது துண்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள். மற்றதை இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.