ஒரு சரக்குக்கு ஒரு காலிப் பை

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த முறுக்குக்கு எள்ளும் ஓமமும் கொடுக்கும் மொத்தக் கடைகளில் ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை வணிகப் பெருமக்கள் அறிவீர்கள். நமது குடோனில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாடு உள்ளவன். மனவளர்ச்சி குன்றியவர் என்று முன்பு சொல்வோம். இப்போது அறிவுசார் குறைபாடு என்கிறார்கள்.

சேர்ந்த புதிதில், "எள் 1 மூட்டை, ஓமம் 5 கிலோ, பெருங்காயம் 1 டப்பா எடுத்து வா" என்போம். பெருங்காயம் மட்டும் வரும். சில நாள் வெறுங்கையோடு வந்து நிற்பான். சோம்பேறி என்று முடிவு கட்டினோம். ஒரு சந்தை நாளில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டோம். 4 நாள் அவன் வரவில்லை. பிறகு அவன் தாயார் வந்தார். "ஐயா, சேர்ந்தாப்புல சொன்னா அவன் மனசுல நிக்காதுங்க. ஒண்ணொண்ணா சொல்லிப் பாருங்க" என்றார். மன்னிப்புக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. 4 நாள் கூலியைக் கையில் கொடுத்தோம்.

அதன் பிறகே விவரம் கேட்டறிந்தோம். நினைவிலும் சிட்டை, பேரேடு என இரண்டு உண்டு. காதில் விழுந்ததைச் சில விநாடி பிடித்து வைக்கும் குறுகிய கால நினைவுதான் சிட்டை. அதில் ஒரே தடவையில் சுமார் 7 விஷயங்களே நிற்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். போனில் கேட்ட நம்பரை எழுதும் வரை நாம் முணுமுணுத்துக் காப்பாற்றுகிறோம் அல்லவா? அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு அந்த முணுமுணுப்பு தானாக வருவதில்லை. டவுன் சிண்ட்ரோமில் காதால் கேட்டதை வைத்திருப்பது இன்னும் சிரமம். காது மந்தம் பலருக்கு உண்டென்றாலும் அது மட்டுமே காரணமல்ல. அதைவிடக் கண்ணால் கண்டது, வைத்த இடம் இவை நன்றாக நிற்கும். பழகிப் பழகிப் பேரேட்டில் ஏறிய கைவேலையும் பெரும்பாலும் நிலைக்கும்.

இப்போது சரக்கின் பெயரைச் சொல்லும்போதே அதன் காலிப் பையையும் கையில் கொடுக்கிறோம். 3 சரக்கு என்றால் 3 பை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்ததும் அந்தப் பையைக் கொக்கியில் மாட்டிவிடுவான். கையில் பை தீர்ந்தால் வேலை தீர்ந்தது. ஓமம் எந்த அடுக்கில் என்று நமக்கே தடுமாறும். அவன் நேரே போவான். (நமக்கு அறுபது தாண்டியாயிற்று. சீட்டு இல்லாமல் குடோனுக்குள் போனால் எதற்கு வந்தோம் என்று நிற்கிறோம். நம்மை யாரும் ஏசுவதில்லை.)

போன மாதம் லாரி வந்த அவசரத்தில் கணக்குப்பிள்ளை 4 சரக்கை ஒரே மூச்சில் கூவினார். பையன் நகரவில்லை. பைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.