‘அந்நியர்’ என்று எழுதப்பட்ட ஊர்க்காரர்கள்

கொழும்பு–புத்தளம் பிரதான வீதியில் சிலாபத்தைத் தாண்டி வடக்கே போகும்போது, இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் தண்ணீர் மினுங்கும். அது முந்தல் களப்பு. களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். முந்தல் என்ற தமிழ்ச் சொல்லுக்கே நீருக்குள் நீண்டு நிற்கும் நிலமுனை என்றுதான் பொருள். இராமநாதபுரக் கரையிலும் மேலமுந்தல், கீழமுந்தல் என்று ஊர்கள் உண்டு. கடலின் இரு கரையிலும் ஒரே சொல்லை வைத்தே நிலத்துக்கு அடையாளம் சொல்லியிருக்கிறார்கள்.

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து வந்த பயணி ஒருவர் இந்த வழியாகப் போனார். மொரோக்கோவின் தஞ்சீர் நகரத்தில் பிறந்த இப்னு பதூதா. புத்தளத்தில் கரையிறங்கிப் பாவா ஆதம் மலைக்குப் புறப்பட்டவர், மூங்கில் ஓடத்தில் ஓர் ஆற்றைக் கடந்து ‘மனார் மண்டலீ’ என்ற ஊருக்கு வந்ததாகச் சொல்கிறார். புத்தளத்து அரசனின் ஆட்சிப் பரப்பில் அதுதான் கடைசி ஊர். அழகான ஊர் என்கிறார். ஊரார் அவருக்கு விருந்து வைத்தார்கள்: காட்டில் உயிரோடு பிடித்து வந்த எருமைக்கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால். அங்கிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் சிலாபம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் நடுவில் இப்படி ஒலிக்கும் ஊர் எது என்று தேடிய அறிஞர்கள் முந்தல் பக்கத்தையே சுட்டியிருக்கிறார்கள். வழியையும் பெயரையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

விருந்தைச் சொன்ன கையோடு அவர் இன்னொன்றும் சொல்கிறார். அந்த ஊரில் அவர் கண்ட முஸ்லிம் ஒரேயொருவர்தான். குராசானிலிருந்து வந்து, நோய்வாய்ப்பட்டுத் தங்கிவிட்ட வழிப்போக்கர். அவரும் இவர்களோடு கிளம்பிப் போய்விட்டார்.

இன்று முந்தல் பிரதேச செயலகப் பிரிவைச் சுற்றி வந்தால் விருதோடை, கனமூலை, கடையாமோட்டை, நல்லாந்தழுவை, கொத்தாந்தீவு, பெருக்குவட்டான் என்று முஸ்லிம்கள் வாழும் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாம் தமிழ்ப் பெயர்கள். ஓடை, மூலை, மோட்டை, தீவு என்று நிலத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். ஒரு நோயாளி மட்டும் இருந்த கரையில் இத்தனை ஊர்கள் எப்படி எழுந்தன? யாருடைய ஆட்சியில், என்ன விலை கொடுத்து இவர்கள் இங்கே வேரூன்றினார்கள்?

சிசிலியில் நடந்தது

இந்தக் கேள்வியோடு மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவைப் பார்ப்பது பயன் தரும். 827இல் முஸ்லிம் படை அங்கே மசாராவில் இறங்கியது. 831இல் பலெர்மோ விழுந்தது. வென்றவர்கள் கோட்டை கட்டினார்கள், துறைமுகம் கண்டார்கள், ஊர்களுக்குப் பெயர் வைத்தார்கள். கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல் இன்றும் கல்தானிசெத்தா, கல்தாஜிரோனே என்ற ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மர்சாலா என்ற பெயரில் துறைமுகத்துக்கான அரபுச் சொல் இருக்கிறது. பிறகு நோர்மானியர் வந்தார்கள். 1091க்குள் தீவு முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. நிலம் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் மானியமானது. நிலத்தோடு சேர்த்து அதில் உழுதவர்களும் மானியமானார்கள். மொன்றியாலே மடத்துக்கு 1178இல் எழுதிக் கொடுத்த பட்டியலில் முஸ்லிம் குடிகளின் பெயர்கள் அரபியிலேயே வரிசையாக இருக்கின்றன. தாங்கள் உண்டாக்கிய ஊரிலேயே அவர்கள் இன்னொருவரின் சொத்துக் கணக்கில் ஒரு வரியானார்கள். அடுத்த நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் எஞ்சியவர்களை இத்தாலியப் பெருநிலத்தின் லுசேராவுக்குப் பெயர்த்தார். 1300இல் லுசேராவும் அழிக்கப்பட்டது.

சிசிலியில் பெயர் நின்றது, மனிதர்கள் போனார்கள். புத்தளக் கரையில் மனிதர்கள் நின்றார்கள். ஊரைத் தங்கள் பெயரால் அழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை.

இரண்டு தீவுகளையும் ஒரு புத்தகம் இணைக்கிறது. நோர்மானிய மன்னன் இரண்டாம் ரொஜருக்காகப் பலெர்மோவில் இருந்தபடி அல் இத்ரீஸி 1154இல் முடித்த உலகப் புவியியல் நூலில் செரண்டீப் என்ற நம் தீவும் வருகிறது. இங்குள்ள அரசனுக்குப் பதினாறு அமைச்சர்கள், நான்கு பேர் நாட்டவர், நான்கு பேர் கிறிஸ்தவர், நான்கு பேர் முஸ்லிம்கள், நான்கு பேர் யூதர்கள் என்று அவர் எழுதினார். அந்தக் கணக்கு அப்படியே உண்மையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பல இனத்தாரும் வந்து தங்கக்கூடிய தீவு இது என்ற பேச்சு அன்றைய கப்பல்காரர்களிடம் இருந்திருக்கிறது. அது பலெர்மோ வரைக்கும் போயிருக்கிறது.

வாளோடு வராதவர்கள்

இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இங்குள்ள முஸ்லிம்களிடையே வழங்கிய ஒரு மரபுரையை 1827இல் வெளியிட்டார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலீபா அப்துல் மலிக்கின் கொடுமைக்குத் தப்பிய ஹாஷிம் குலத்து அரபிகள் இத்தீவின் எட்டு இடங்களில் குடியேறினார்கள் என்பது அந்த மரபுரை. அந்த எட்டில் குதிரைமலையும் உண்டு, புத்தளமும் உண்டு. இதை நிறுவக் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆனால் மரபுரை சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். வென்று வந்தோம் என்று அது பெருமை பேசவில்லை. ஓடி வந்தோம், இடம் கொடுத்தார்கள் என்கிறது.

இப்னு பதூதா கண்ட புத்தளம் மரவேலியும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய பட்டினம். கரையெங்கும் ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன. சோழமண்டலக் கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் அரசனுக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கை தந்துவிட்டு அவற்றை அள்ளிப்போனார்கள். அரசன் ஆரியச் சக்கரவர்த்தி. யாழ்ப்பாண அரச மரபின் பட்டம் அது. முத்துக்குளிப்பும் கப்பல்களும் அவன் கையில் இருந்தன. பாரசீகம் அவனுக்குப் புரிந்தது. ஒரு தமிழ் மன்னனுக்குப் பாரசீகம் புரிய வேண்டுமென்றால் அந்த மொழி பேசும் வணிகர்கள் அவன் சபைக்கு அடிக்கடி வந்துபோயிருக்க வேண்டும். விருந்தாளி மலைக்குப் போக விரும்பியதும் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், சாமான் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினான். முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகிகள் வழிகாட்டிய காலம் அது.

ஆகவே புத்தளத்தின் முஸ்லிம் தொடக்கம் துறைமுகத்தின் தொடக்கத்தோடு கலந்தது. கப்பல் வந்தது, வணிகன் தங்கினான், உப்பும் முத்தும் கறுவாவும் அவனைத் தங்கவைத்தன. ‘புது அளம்’ என்பதே புத்தளம் ஆனது என்று ஊரார் விளக்கம் சொல்வார்கள். அளம் என்றால் உப்பு விளையும் நிலம். இந்தக் கரையின் அரசியல் முழுவதையும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம்.

முத்திரைக்கூடமும் மாட்டுப் பொதியும்

ஆரியச் சக்கரவர்த்திகளின் கை தளர்ந்த பிறகு இந்தக் கரையில் ஓங்கியவர்கள் முக்குவர் என்ற சமூகத்தின் தலைவர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்தின் மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு, இவர்களை அடக்கத் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கரையார் படையைத் தருவித்ததையும், புத்தளக் கோட்டையை முற்றுகையிட்டதையும் ‘முக்கரு ஹட்டன’ என்ற சிங்கள ஏட்டுச்சுவடி சொல்கிறது. அதற்குப் பிறகும் முக்குவர் அதிகாரம் அற்றுப்போகவில்லை. வன்னியர் என்ற பட்டத்தோடு பதினெட்டுத் தலைவர்கள் கூடி வழக்குத் தீர்த்த மன்று ஒன்று புத்தளத்தில் இருந்தது. அதன் பெயர் முத்திரைக்கூடம். தூரத்து மன்னன் பட்டயம் கொடுப்பான். இங்கே நிலம், நீர், தண்டனை எல்லாம் தலைவர்கள் கையில். நிலமானிய ஆட்சி என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது இந்தக் கரையில் இப்படித்தான் நடந்தது.

இவற்றைத் தேடி எழுதியவர் கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர். 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ நூலையும் 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ நூலையும் வெளியிட்டவர். முக்குவரில் ஒரு பகுதியினர் இஸ்லாத்தையும் பிற்காலத்தில் மற்றொரு பகுதியினர் கத்தோலிக்கத்தையும் தழுவியதை அவர் காலத்து எழுத்துகளிலிருந்து அறிகிறோம். இங்குள்ள முஸ்லிம்கள் எல்லோரும் கப்பலில் வந்திறங்கியவர்கள் என்று எண்ணுவது பிழை. கரையிலேயே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. காசிச்செட்டி இல்லையென்றால் புத்தளத்தின் பழைய சமூகத்தைப் பற்றி இன்று நம் கையில் இருப்பது மிகக் குறைவாகவே இருக்கும்.

பிறகு கண்டி மன்னர்களின் காலம். மலைநாட்டில் உப்பு விளையாது. புத்தளம் கண்டியின் மேற்கு வாசல். போர்த்துக்கேயர் தங்கள் கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அவர்களை ஏற்றது. மன்னன் செனரத் 1626இல் பலரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியது நன்கு அறிந்த செய்தி. கண்டி அரசில் நிலம் வேண்டுமென்றால் சேவை செய்ய வேண்டும், அதுதான் ராஜகாரியம். போக்குவரத்துக்கென்று ‘மடிகே’ என்ற துறை இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். மாடுகளின் முதுகில் பொதியேற்றி, தவளம் தவளமாக உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. வணிகனாக வந்தவனின் வாரிசு அரசனின் பொதிமாட்டுக்காரனாக ஆனான், பதிலுக்குக் காணி பெற்றான். இந்த ஏற்பாடு சமத்துவமானதல்ல. ஆனால் அவனுக்கு அந்த அரசுக்குள் ஓர் இடம் இருந்தது. அவனையும் குடி என்றுதான் எண்ணினார்கள்.

ஒல்லாந்தர் வந்ததும் கணக்கு மாறியது. 1667க்கும் 1676க்கும் இடையில் அவர்கள் கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கிறது. புத்தளக் களப்பின் வாயில் அது. கண்டிக்குப் போகும் ஒவ்வொரு வள்ளமும் அதன் பார்வையில் பட வேண்டும் என்பதற்காகவே அங்கே எழுந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் புத்தளம் கண்டியிடமும் அதன் வாசற்கதவு ஒல்லாந்தரிடமும் இருந்தன. 1766 உடன்படிக்கையோடு தீவின் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. தன் குடிகள் புத்தளத்திலும் சிலாபத்திலும் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமையை மட்டும் கண்டி மன்னன் கேட்டு வாங்கிக்கொண்டான். முந்தல் களப்பை வடக்கிலும் தெற்கிலும் இணைக்கும் ஒல்லாந்தர் வாய்க்கால் இன்றும் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது.

ஒல்லாந்தர் காணிகளையும் குடிகளையும் தோம்பு என்ற பதிவேடுகளில் எழுதினார்கள். ஆண்ட கரையோரமெங்கும் சோனகர் எனப்பட்ட முஸ்லிம்களையும் செட்டிகளையும் அந்நியர் என்ற வகையில் வைத்தார்கள். அந்நியர் தங்கியிருப்பதற்கு ஈடாக ஆண்டுக்கு மூன்று மாதம் கூலியில்லாத வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஊழியம்’. நம் மொழியின் சொல்லையே எடுத்து, அந்த மொழியைப் பேசியவர்களையே அந்நியராக்கிய சட்டம் அது. இப்னு பதூதாவுக்கு விருந்து கிடைத்து முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, தலைமுறை தலைமுறையாக இக்கரையில் பிறந்து இறந்தவர்களை நேற்று வந்தவர்கள் வெளியாள் என்று எழுதினார்கள். மொன்றியாலே மடத்தின் பட்டியலுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

1795இல் ஆங்கிலேயர் கற்பிட்டியைக் கைப்பற்றினார்கள். ஊழியமும் ராஜகாரியமும் படிப்படியாக ஒழிந்தன. உப்பு மட்டும் அரசின் ஏகபோகமாகவே இருந்தது.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசலை விட்டு நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கங்களுக்கே. ஊரார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள், இருந்ததைப் பகிர்ந்தார்கள். அந்த உதவி மறக்கக்கூடியதல்ல. ஆனாலும் முகாமில் பிறந்த பிள்ளை வளர்ந்து, அதற்கும் பிள்ளை பிறந்த பிறகும் ‘இடம்பெயர்ந்தோர்’ என்ற பதிவு அவர்களைத் தொடர்ந்தது. தோம்பு எழுதிய கை போய்விட்டது. தங்கியிருப்பவனை வந்தவன் என்று எழுதும் பழக்கம் போகவில்லை.

ஆகவே முந்தலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய காணி உறுதி இருக்கலாம், தோம்புப் பிரதி இருக்கலாம், பள்ளிவாசலின் கந்தூரிக் கணக்குப் புத்தகம் இருக்கலாம், உப்பளக் கூலிச் சீட்டு இருக்கலாம். அயலூர்களான உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கோயில் ஏடுகள் இருக்கலாம். கடற்காற்றில் தாள் நெடுநாள் தாங்காது. இந்த வாரமே எடுத்துப் படம் பிடித்து, யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி வையுங்கள்.