ஒரு கோடு தப்பினால் 57 லட்சம் குடம்!
காவிரியில் நிற்கும் அளவுகோல்

அளவுகோல் என்றதும் பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் மரக்கட்டைதான் நினைவுக்கு வரும்.

ஆற்றுக்குள் நிற்கும் அளவுகோலும் உண்டு, தெரியுமா?

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லுக்கு மேற்புறம், தமிழ்நாடு – கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடம் இருக்கிறது. முன்பு இது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோது அதனுடன் சேர்ந்தது.

கர்நாடகத்தில் இருந்து வரும் காவிரித் தண்ணீர் இங்கேதான் அளக்கப்படுகிறது. அளப்பது மத்திய நீர் ஆணையம். இங்கே அளந்த தண்ணீர் ஒகேனக்கல் அருவியில் விழுந்து, மேட்டூர் அணைக்குப் போகிறது.

கோர்ட்டு சொன்ன கணக்கு

கர்நாடகம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007-ம் ஆண்டு தீர்ப்பு கூறியது. சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் ஆண்டு அதை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டியில் பிடிக்கும் தண்ணீர்தான் ஒரு கன அடி.

இவ்வளவு தண்ணீர் வந்ததா, வரவில்லையா? அதற்குச் சாட்சி பிலிகுண்டுலு அளவுதான்!

எப்படி அளக்கிறார்கள்?

ஆற்று நீரை அளக்கும் இடங்களில் கரையோரம் படிப்படியாகக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். அவற்றில் மீட்டர், சென்டிமீட்டர் கோடுகள் போட்ட பலகை இருக்கும். தண்ணீர் ஏற ஏற, அடுத்த கம்பத்தில் அளவு பார்ப்பார்கள். வெள்ளக் காலத்தில் மணிக்கு ஒரு முறை பார்ப்பதும் உண்டு.

தண்ணீர் அசையாமல் நிற்குமா? அலை ஒரு கோட்டைத் தொடும். உடனே கீழே இறங்கும். அதனால் அலை ஏறிய அளவையும், இறங்கிய அளவையும் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவை எழுதுவார்கள்.

பிறகு தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்ப்பார்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால், ஒரு வினாடிக்கு எத்தனை கன அடி போகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது பல இடங்களில் தானாக அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவி சொல்வது சரிதானா என்று பார்க்கவும் இந்தப் பலகைதான் உதவுகிறது.

ஒரு கோடுதானே!

"ஒரு சென்டிமீட்டர் தப்பினால் என்ன?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆற்றின் அகலம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் படித்துவிட்டால், வினாடிக்கு ஆயிரம் லிட்டர் பிசகு!

ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம் லிட்டர்! 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் மொண்டால் 57 லட்சத்து 60 ஆயிரம் குடம் வரும்!

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களுக்கும் இந்த அளவுதான் வாழ்வு. நீர்வரத்து அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை போடும். அன்று அவர்களுக்குக் கூலி இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தும் இல்லை.

நாலு விஷயம் கவனியுங்கள்

வீட்டில் உள்ள அளவுகோலைப் பார்ப்பதற்கும் இதே முறைதான்.

1. பூஜ்யத்தில் தொடங்குங்கள். பல அளவுகோல்களில் மரத்தின் விளிம்பு வேறு, பூஜ்யக் கோடு வேறு. நுனி தேய்ந்து போயிருந்தால் 1 என்ற கோட்டில் தொடங்கி அளந்து, கடைசியில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.

2. கண்ணை நேராக வையுங்கள். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் கோடு நகர்ந்தது போலத் தெரியும். ஒரு பென்சிலை அளவுகோல் மீது வைத்து, முதலில் இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். பென்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அளவு மட்டும் மாறும்!

3. எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர். பக்கம் மாறிப் படித்துத் துணியை வெட்டிவிட்டால், வெட்டிய துணி வளருமா?

4. சின்னக் கோடுகளை எண்ணுங்கள். சென்டிமீட்டர் பக்கத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் 10 பங்கு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர். அங்குலப் பக்கத்தில் 8 பங்கும் இருக்கும், 16 பங்கும் இருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிக்கு அப்புறம் என்ன?

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. "நீர்மட்டம் 100.50 அடி" என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அது 100 அடி 50 அங்குலம் அல்ல!

ஒரு அடிக்கு 12 அங்குலம். புள்ளிக்குப் பின்னால் உள்ள 50, ஒரு அடியில் பாதியைக் குறிக்கும். அதாவது 100 அடி 6 அங்குலம். 100.25 அடி என்றால் 100 அடி 3 அங்குலம்.

அதே போல, 5 அடி 6 அங்குலம் உயரமுள்ளவர் 5.6 அடி அல்ல, 5.5 அடிதான். கதவு, ஜன்னலுக்கு அளவு எழுதிக் கொடுக்கும்போது பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

வீட்டில் ஒரு சோதனை

இந்தப் பத்திரிகையின் அகலத்தை அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் தனித்தனியே அளந்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றும் ஒன்றாக இருந்தால் சபாஷ்! இல்லாவிட்டால் யாரும் யாரையும் கோபிக்க வேண்டாம். மீண்டும் ஒரு முறை அளந்தால் போதும்.

இரண்டு மாநிலங்களின் வழக்கிலேயே கோடு பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறார்கள்!