வடநெம்மேலி முதலைப் பண்ணை

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், நாங்கள் குடும்பத்துடன் வடநெம்மேலி முதலைப் பண்ணையைக் காணச் சென்றோம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டி மரங்கள் நிறைந்த ஒரு தோட்டத்தைக் காண்பர். அதன் பரப்பு எட்டரை ஏக்கர் அளவே ஆகும். அச்சிறு நிலத்தில்தான் முதலைகள் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன.

என் அன்னையார் அரைமனத்துடனேயே எங்களுடன் வந்தார்கள். கஜேந்திரனின் காலைக் கவ்விய முதலையைக் கதையில் கேட்டதே போதும் என்பது அவர்கள் எண்ணம். “ஆளைக் கொல்லும் பிராணிக்கு வீடு கட்டி இரையும் போடுவார்களா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் தாழ்ந்த சுவருக்கு அப்பால் ஒரு குளமும் மணற்கரையும் தெரிந்தன. கரையில் மரக்கட்டைகளை அடுக்கி வைத்ததுபோல முதலைகள் கிடந்தன. சில, வாயை அகலத் திறந்தபடி அசைவற்று இருந்தன. “பாட்டி, இவை பொம்மைகள்!” என்றாள் என் சிறு மகள். அவள் அவ்வாறு நினைத்ததில் வியப்பில்லை. அங்கிருந்த பணியாளர் அதன் காரணத்தை விளக்கினார். முதலை தன் உடலுக்கு வேண்டிய வெப்பத்தை வெயிலிலிருந்து பெறுகிறது. அதற்கு வியர்ப்பதில்லை, ஆதலின் வெப்பம் மிகும்போது வாயைத் திறந்து வைத்து உடலைத் தணித்துக்கொள்கிறது. உண்ட உணவை உடலைச் சூடாக்குவதற்குச் செலவிட வேண்டாமையால், வாரத்திற்கு ஒருமுறை இரை கிடைத்தாலும் அது நலமாக வாழும். கண், காது, மூக்கு ஆகிய மூன்றும் தலையின் மேற்புறத்தே அமைந்திருத்தலால், உடல் முழுவதும் நீருள் மறைந்திருக்கும்போதே அதனால் பார்க்கவும், கேட்கவும், மூச்சு விடவும் இயலும்.

நம் நாட்டில் மூவகை முதலைகள் உள்ளன. ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது சதுப்பு முதலை. தமிழ்நாட்டில் அமராவதி, ஒகேனக்கல் முதலிய இடங்களில் இதனைக் காணலாம். கழிமுகங்களில் வாழ்வது உவர்நீர் முதலை; இன்று உலகில் வாழும் ஊர்வனவற்றுள் இதுவே மிகப் பெரியது. மூன்றாவது, வடநாட்டு ஆறுகளில் வாழும் சொம்பு மூக்கு முதலை. நீண்டு மெலிந்த அதன் முகத்தின் நுனியில், வளர்ந்த ஆணுக்கு மட்டும் சொம்பு போன்ற ஒரு புடைப்பு இருக்கும். அது பெரும்பாலும் மீனையே தின்று வாழ்வது.

இம்மூன்றும் ஒரு காலத்தில் அடியோடு அழியும் நிலையை அடைந்தன. கைப்பைக்கும் காலணிக்கும் அவற்றின் தோலை விரும்பிய மனிதன், ஆறுதோறும் வேட்டையாடினான். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஆயினும் வேட்டையைத் தடுப்பது மட்டும் போதாது. குறைந்துபோன இனத்தைப் பெருக்கவும் வேண்டும். அந்நோக்குடன் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜை விட்டேக்கரும் நண்பர் சிலருடன் சேர்ந்து 1976ஆம் ஆண்டில் இவ்விடத்தை நிறுவினர். நாம் பண்ணை என்று அழைப்பினும், அவர்கள் இட்ட பெயர் ‘முதலை வங்கி’ என்பதே. முதலைப் போட்டுப் பெருக்கி, வேண்டும்போது ஆறுகளுக்குத் திருப்பித் தருவது அவர்கள் கருத்து. முதலுக்கும் முதலைக்கும் தமிழில் இருக்கும் ஒலிப்பொருத்தம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ!

பெருக்கும் வேலை எளிதன்று. பெண் முதலை மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடுகிறது. இரண்டு மாத அளவில் குஞ்சுகள் உள்ளிருந்தே குரல் எழுப்பும். தாய் அதனைக் கேட்டு மணலை விலக்கி, குஞ்சுகளைத் தன் வாயிலேயே ஏந்திச் சென்று நீரில் விடும். எலும்பை நொறுக்கும் அதே வாய்தான் அது! இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. சதுப்பு முதலையின் முட்டைகள் 31 பாகைக்கு உட்பட்ட வெப்பத்தில் இருந்தால் பெண் குஞ்சுகளும், 32.5 பாகை அளவில் இருந்தால் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும் பிறக்கின்றன.

பண்ணையின் ஒரு மூலையில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்புக் கூடத்தையும் கண்டோம். 1978இல் தொடங்கிய இச்சங்கத்தார், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து பானைகளில் வைத்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சே பயன்படுகிறது.

மர நிழலில் கட்டுச்சோறு உண்டபின், “பெருக்கிய முதலைகளை எல்லாம் ஆற்றில் விட்டாயிற்றா?” என்று அன்னையார் பணியாளரைக் கேட்டார்கள்.

“தொடக்கத்தில் பல மாநிலங்களுக்கும் அனுப்பினோம், அம்மா. பிறகு விடுவதற்கு இடம் இல்லாமற் போயிற்று” என்றார் அவர்.

உண்மைதான். ஆற்றங்கரையெங்கும் மக்கள் குடியேறிவிட்டனர். கொள்ளிடக் கரையில் ஆடுமாடு மேய்ப்போரும் நீராடுவோரும் முதலைக்கு அஞ்சியே நாட்களைக் கழிக்கின்றனர். அங்குப் பிடிபடும் முதலைகளைச் சிதம்பரத்தை அடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகின்றனர். அம்மக்களின் அச்சத்தைப் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. பண்ணையிலோ இடநெருக்கடி. ஆயிரம் சதுப்பு முதலைகளைக் குஜராத்து மாநிலத்து ஜாம்நகருக்கு அனுப்ப இசைவு பெற வேண்டியதாயிற்று. ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதும், இட்ட முட்டைகளை அகற்றிவிடுவதும் இன்று இங்குள்ளோரின் வேலைகளுள் அடங்கும்.

திரும்பும்போது ஒரு மணல்மேட்டின்மேல் பெண் முதலை ஒன்று படுத்திருந்தது. அருகே சென்றவரை நோக்கிச் சீறியது. அதன் முட்டைகளை முன்பே எடுத்துவிட்டதாகப் பணியாளர் சொன்னார். பேருந்துக்கு நேரமாயிற்று என்று நான் இருமுறை கூறிய பின்னரே என் அன்னையார் அச்சுவரை விட்டு நகர்ந்தார்கள்.