கோப்பைச் சுருக்குவோம், கணக்கைத் தொலைக்கோம்

ஆண்டுக் கணக்கு முடிந்ததும் பேரேடு, சிட்டை, பில் கட்டு எல்லாவற்றையும் சணல் கயிற்றால் கட்டிப் பரணில் ஏற்றுவது நம் வணிகர்களின் வழக்கம். இன்று பேரேடு கணிப்பொறிக்குள் போய்விட்டது. ஆனால் பரண் வேலை நம்மை விடவில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஓராண்டின் கணக்குகளை, அவ்வாண்டுக்குரிய வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்கச் சொல்கிறது. இத்தனை ஆண்டுக் கோப்புகளையும் அடக்கமாகக் கட்டி வைக்க உதவுவதுதான் கோப்புச் சுருக்கம்.

லினக்ஸ் கணிப்பொறிகளில் இதற்கென்றே 'ஜிஜிப்' என்ற கருவி இருக்கிறது. ழான்-லூ கயி, மார்க் ஆட்லர் என்ற இருவர் 1992இல் வெளியிட்டது. காசு கொடுக்க வேண்டியதில்லை. சுட்டியால் அழுத்தப் பொத்தான் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்தால் வேலை நடக்கும்.

சுருக்கும் தந்திரம் நமக்குப் புதிதல்ல. சிட்டையில் ஒரு பெயர் மறுபடி வந்தால் கணக்குப்பிள்ளை 'மேற்படி' என்று போடுவார் அல்லவா? ஜிஜிப்பும் அதையே செய்கிறது. முன்பு வந்த எழுத்துக் கோவை மீண்டும் வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் பார், இத்தனை எழுத்து எடு' என்று குறித்துக்கொள்கிறது. இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் ஜிவ், லெம்பெல் இருவரும் 1977இல் சொன்ன முறை இது. அடிக்கடி விற்கும் துவரம் பருப்பை 'து.ப.' என்று எழுதுகிறோமே, அதுபோல அடிக்கடி வருவதற்குக் குறுங்குறியீடு தருவது 1952இல் ஹஃப்மன் வகுத்த முறை. இரண்டும் சேர்ந்ததே ஜிஜிப். பிரித்தால் ஒரு புள்ளி குறையாமல் பழைய கோப்பு அப்படியே வரும்.

விற்பனைப் பட்டியலில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் அது பாதிக்கும் கீழே சுருங்குவது சாதாரணம். கைப்பேசியில் எடுத்த பில் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவை மேலும் சுருங்கா. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியை மறுபடி அழுத்தி என்ன பயன்?

இனி, நாமே பட்ட பாட்டைச் சொல்கிறோம். நம் மண்டியில் கணக்கெழுதும் தம்பி ஒருநாள் 'ஜிஜிப்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, விற்பனைக் கோப்பின் பெயரைத் தட்டினார். சுருங்கிய கோப்பு, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'ஜிஇசட்' என்ற வாலுமாக வந்தது. மூலக் கோப்பைக் காணவில்லை! அந்தக் கருவியின் இயல்பே அதுதான்: சுருக்கியதும் மூலத்தை நீக்கிவிடும். இதை அறியாத நாம், வால் முளைத்த கோப்பைக் குப்பை என்று எண்ணி அழித்துவிட்டோம். பிறகு பில் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு ஒரு காலாண்டுக் கணக்கை இரவு பகலாக மறுபடி ஏற்றினோம். தவறு கருவியுடையதல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளாத நம்முடையதே.

நம் அன்பர்கள் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, 'ஜிஜிப்' என்ற சொல்லுக்கும் கோப்பின் பெயருக்கும் நடுவில் ஒரு சிறுகோடும் ஆங்கிலச் சிறிய எழுத்து 'கே'யும் சேர்த்துத் தட்டுங்கள். மூலமும் இருக்கும், சுருக்கமும் இருக்கும். பிரிக்கும் கட்டளையான 'ஜிஅன்ஜிப்'பிற்கும் இதுவே பொருந்தும். இல்லையேல் அது பிரித்த கையோடு சுருங்கிய கோப்பை நீக்கிவிடும்.

இரண்டாவது, 'கே'க்குப் பதில் 'டி' எழுத்திட்டுச் சுருங்கிய கோப்பைச் சோதியுங்கள். பேரேட்டில் அடிக்கூட்டு ஒத்துப் பார்ப்பது போல, உள்ளே பதிந்துள்ள சரிபார்ப்பு எண்ணை அது ஒத்துப் பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் சரி. குறை இருந்தால்தான் வாய் திறக்கும்.

மூன்றாவது, ஜிஜிப் ஒவ்வொரு கோப்பாகவே சுருக்கும். ஓராண்டுக் கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாக்க, முதலில் 'டார்' என்ற கருவியால் கட்டிவிட்டுப் பிறகு சுருக்க வேண்டும்.

நான்காவது, சுருங்கிய கோப்பை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வையுங்கள். 'மேற்படி' நிறைந்த சிட்டையில் முதல் வரி அழிந்தால் கீழுள்ளவை எதைக் குறிக்கும்? அதுபோலவே சுருங்கிய கோப்பில் நடுவில் ஓரிடம் கெட்டாலும் அதற்குப் பின்னுள்ளவை கைக்கு வராமல் போகலாம்.

இத்தனையும் முடித்து, ஒரு பிரதியை வேறொரு கணிப்பொறியில் பிரித்துக் கண்ணால் பார்த்த பிறகே மூலத்தை நீக்குவது பற்றி யோசிக்கலாம். சரக்கை எடை போட்டுப் பார்க்காமல் நாம் ரசீதில் கையெழுத்திடுவதில்லை. கணக்குக்கும் அந்த எச்சரிக்கை வேண்டும்.